எந்த மரத்துப் புல்லுருவி

நடத்துநர் விசில் ஊதினார். என் இடது கால் தானாக முன் இருக்கையை உதைத்தது.

அங்கே இருந்த பெண் திரும்பி முறைத்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். தாடை பாதியில் நின்றுவிட்டது. பிடரி இறுகியது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்ததும் முதுகு வில்லாக வளைந்து நான் இருக்கையிலிருந்து சரிந்தேன். பக்கத்தில் பீடிக்கட்டுப் பையை மடியில் வைத்திருந்த அம்மா, "ஏட்டி, என்ன செய்யுது? ஏட்டி!" என்று கத்தினாள். அந்தக் கத்தலுக்கு இன்னொரு முறை வளைந்தேன்.

எனக்கு நினைவு தப்பவே இல்லை. இதைப் படிப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வலிப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். யாரோ என் கையில் சாவியைத் திணித்தார்கள். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆய்க்குடிப் பக்கத்திலிருந்து தென்காசிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான்தான். போட்டித் தேர்வு எழுதி மாவட்ட அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் ஆனேன். சிக்குன்குனியா (கொசுவால் பரவும், மூட்டுகளைப் பிடிக்கும் காய்ச்சல்) வந்து போன பிறகு விரல் மடங்கவில்லை. மாத்திரை தின்றும் மாதக்கணக்கில் வலி. விசைப்பலகையில் கை வைத்தால் கண்ணீர் வரும்.

புளியமரத்துப் புல்லுருவியைக் கஷாயம் போட்டுக் குடித்தால் மூட்டு இளகும் என்று அத்தை சொன்னாள். புல்லுருவி, மரக்கிளையில் ஒட்டி வளரும் செடி. அதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. விடியும் முன் அறுக்க வேண்டும். தரையில் படாமல் துணியில் ஏந்த வேண்டும். யாருக்கு, எதற்கு என்று வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. அப்பா தோப்பு ஓரத்துப் புளியில் ஏறி அறுத்தார். அம்மா கீழே முந்தானையை விரித்து நின்றாள்.

முதல் நாள் அரைத் தம்ளர். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அம்மா நன்றாகச் சுண்டவைத்து நிறையக் கொடுத்தாள். கசப்பு தொண்டையில் நின்றது. நான் முகம் சுளித்தபோது, "இத்தன பரீட்ச எழுதுனவளுக்கு ஒரு தம்ளர் கசாயம் எறங்கலயாக்கும்!" என்று சிரித்தாள். குடித்துவிட்டுப் பேருந்து ஏறினோம்.

படித்தவள் எப்படிக் குடித்தாய் என்று பிறகு பலர் கேட்டார்கள். வலி இருந்தது. குடித்தேன்.

பேருந்திலிருந்து என்னைத் தூக்கிப்போன ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த பெண் மருத்துவர் முதலில் டெட்டனஸ் (காயத்தின் வழியே வரும் இரணஜன்னி) என்று சந்தேகப்பட்டார். துருப்பிடித்த கம்பி ஏதாவது குத்தியதா என்று கேட்டார். பிறகு என் வயிற்றில் கை வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தார். இழுப்பு வந்தது, போனது.

"நடுவுல தசை நல்லா தளருது. இரணஜன்னின்னா இப்படித் தளராதே" என்றார் நர்ஸிடம். அம்மா பக்கம் திரும்பினார். "நாட்டு மருந்து ஏதும் குடுத்தீங்களா?"

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. காலைல ரெண்டு இட்லி தின்னா."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் பொய் சொல்லவில்லை, மருந்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு மோசமாக ஆக ஆக, அது பலித்தாக வேண்டும் என்று இன்னும் இறுக வாயை மூடிக்கொண்டாள். என் வாயோ பூட்டிக் கிடந்தது. அடுத்த இழுப்பு நெஞ்சைப் பிடித்தால் மூச்சு நிற்கும் என்பது யாரும் சொல்லாமலே புரிந்தது.

ஓர் இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் பல்லிடுக்கு வழியாக, "கசா... யம்" என்றேன்.

"ஏட்டி, சொல்லாத! பலிக்காமப் போயிரும்!"

"என்னம்மா பலிக்காது?" என்றார் மருத்துவர்.

அம்மா அழ ஆரம்பித்தாள். புளியமரம், புல்லுருவி, எல்லாம் வந்தது. மருத்துவர் அவளைத் திட்டவில்லை. அம்மாவின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "அறுத்த எடத்த இப்ப வெளிச்சத்துல பாத்துச் சொல்லுங்க. ஏறிப் பாருங்க."

அப்பா திரும்ப அழைத்தபோது மணி ஒலித்ததற்கே நான் வளைந்தேன். அவர் குரல் கைப்பேசியைத் தாண்டிக் கேட்டது. "புளியங்கொப்புக்குள்ள எட்டிக்கொப்பு ஒண்ணு நொழஞ்சி கெடக்கு டாக்டரம்மா. அறுத்த தடம் அதுலல்லா இருக்கு! இருட்டுல தெரியலயே... எம்புள்ள பொழைச்சிக்கிடுவால்லா?"

எட்டி விஷமரம். புல்லுருவி தான் ஒட்டிய மரத்தில் வேர் இறக்கி நீரையும் சாரத்தையும் உறிஞ்சுகிறது. அதோடு மரத்தின் விஷமும் இலைக்கு வந்துவிடும். எட்டியின் விஷம் ஸ்ட்ரிக்னின் (தசையை அடக்கிவைக்கும் நரம்புக் கட்டுப்பாட்டை அறுத்துவிடும் நஞ்சு). பிறகு எந்தச் சத்தமும் எந்த வெளிச்சமும் உடம்பை முறுக்கும்.

என்னை இருட்டறைக்கு மாற்றினார்கள். தசையைத் தளர்த்தும் ஊசி, நரம்பில் ஏறும் டிரிப்ஸ். மூச்சுத் தசை இறுகினால் குழாய் போட்டு இயந்திரத்தில் வைக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். நர்ஸ்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். அம்மா என் தலையைத் தொட வந்தபோது கண்ணாடி வளையல் உரசியது. என் கை வெட்டி இழுத்தது. அவள் பின்வாங்கினாள். பிறகு ஒவ்வொன்றாக, சத்தம் வராமல், எல்லா வளையலையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்பா உயிரோடிருக்க அம்மாவின் கை வெறுமையாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அந்த வெறுங்கையால் என் நெற்றியைத் தொட்டாள். நான் வளையவில்லை.

மறுநாள் இழுப்பு நின்றது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது (இழுப்பில் நைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம்). அது தெளியும்வரை பயம் விடவில்லை. தெளிந்தது.

பிறகு ஒரு சித்த மருத்துவரைப் பார்த்தேன். எந்த மரம் என்று தெரியாத புல்லுருவியைத் தொடவே மாட்டேன் என்றார் அவர். மரம் தெரிந்தால்கூட அளவும் பக்குவமும் தெரிந்தவர்தான் தர வேண்டும். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை தின்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது என்றும் சொன்னார். குற்றாலத்துக் கடைகளில் காய்ந்த கட்டாக வாங்கினால் மரத்தை எப்படிப் பார்ப்பீர்கள்? இதைவிட முக்கியமாக நான் சொல்வது, மருத்துவர் கேட்டால் குடித்ததைச் சொல்லிவிடுங்கள். பலிக்காமல் போனால் போகட்டும்.

மூட்டு வலி மெல்லத்தான் குறைந்தது, மாத்திரையிலும் பயிற்சியிலும். உடம்பு வேறாகிவிட்டது. அலுவலகத்தில் முத்திரை குத்தும் சத்தம் கேட்டால், அதற்குப் பின் ஒரு கணம் என்ன வருமென்று காத்திருக்கிறேன். என் நாள் இப்போது இப்படித்தான் போகிறது, சத்தம், காத்திருத்தல், ஒன்றுமில்லை, அடுத்த சத்தம்.

சாரல் பருவத்தில் அம்மா என்னைக் குற்றாலத்து ஐந்தருவிக்குக் கூட்டிப்போனாள். பெண்கள் பக்கத்தில் தண்ணீருக்கு அடியில் நின்றேன். அங்கே சத்தத்துக்கு இடைவெளியே இல்லை. காத்திருக்க ஒரு கணமும் கிடைக்கவில்லை. எத்தனையோ நாளுக்குப் பின் என் தோள் கீழே இறங்கியதை உணர்ந்தேன்.

திரும்பும் பேருந்தில் நடத்துநர் விசில் ஊதினார். அம்மாவின் கை என் இடது முழங்காலை அழுத்திப் பிடித்தது. வளையல்கள் குலுங்கின. இருவரும் என் காலையே பார்த்தபடி காத்திருந்தோம். பேருந்து நகர்ந்தது. கால் அசையவில்லை. அம்மா கையை எடுக்கவில்லை.