நான்கு கஞ்சாச் செடிகளும் ஆறு பழைய சேலைகளும்

என் வீட்டு முன்பக்கப் புல் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்தால் நகரசபையிலிருந்து கடிதம் வரும். இரண்டு தரம் வந்தது. புல்லைப் படம் எடுத்துச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அதே வீட்டின் பின்வளவில், என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில், நான்கு கஞ்சாச் செடிகள் நின்றன. அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. வீட்டுக்கு நான்கு வளர்க்கலாம் என்பது இங்கே சட்டம். பயப்பட வேண்டியது புல்லுக்குத்தான். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் நான் கதை விடுகிறேன் என்று நினைப்பீர்கள். ரொறன்ரோவில் இருந்து வாசிக்கிறவர்கள் நம்புவீர்கள். ஆனால் கஞ்சா வளர்க்கிற தமிழ் ஆட்கள் ஒருவரையும் தெரியாது என்பீர்கள். நான் எழுதிப் பழகின ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, அதற்குப் பிறகு புகையிலைத் தோட்டம். நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

என் மனைவி யோகம் இருபத்தொரு வருடம் ஒரு கேக் தொழிற்சாலையின் குளிர் அறையில் நின்று பெட்டி மடித்தாள். அந்தப் பெட்டிகள் இப்போது அவளுடைய விரல்களில் இருக்கின்றன. மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. பனிக்காலத்தில் ஊறுகாய்ப் போத்தல் திறக்க என்னைக் கூப்பிடுவாள். நவராத்திரிக்குக் கோயிலில் பூமாலை கட்டுவது எத்தனையோ வருடமாக அவள்தான். முந்தின வருடம் ஊசி பிடிக்க முடியாமல் மாலையைப் பாதியில் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். காரில் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் றோன். வெள்ளைக்காரர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனி ஆள். போன பனிக்காலம் யோகம் வாசல் பனிக்குத் தூவுகிற உப்பு வாளி மூடியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு ஒரு சின்ன டப்பா கொண்டுவந்து தந்தார். உள்ளே பச்சைக் களிம்பு. கையைக் காட்டி, தேய்க்கச் சொல்லிச் சைகை செய்தார். தேய்த்தாள். அன்று விடியும்வரை நித்திரை கொண்டாள். டப்பா முடிந்து, இன்னொன்று கேட்கப் போன இடத்தில்தான் அது கஞ்சாவில் செய்தது என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டு இரண்டு கையையும் கழுவினாள். மூன்று நாள் பூசவில்லை. நான்காம் நாள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"பூசுறதுதானே. குடிக்கிறேல்லைத்தானே."

"ஓம்," என்றேன்.

கடையில் வாங்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்துக் கஞ்சாக் கடைக்கு இடது பக்கம் தமிழ் மரக்கறிக் கடை. வலது பக்கம் பிள்ளைகளின் ரியூசன் வகுப்பு. உள்ளே போகலாம், வெளியே வருவதுதான் கஷ்டம். குடும்ப வைத்தியரிடம் கேட்கலாம். அங்கே முன்மேசையில் இருக்கிற பெண் கோயில் தலைவரின் மருமகள். அரசாங்கம் அனுமதி கொடுத்துவிட்டது, சனம் இன்னும் கொடுக்கவில்லை. அதனால் மே மாதம் றோன் தந்த நான்கு கன்றுகளைப் பின்வளவில், பாவற்கொடிப் பந்தலுக்குப் பக்கத்தில் நட்டேன். புகையிலை வளர்த்தவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குப் பிறகு வாங்கிக் கட்டினேன்.

நட்ட அன்று எனக்குப் பார்க்டேல் ஞாபகம் வந்தது. வந்த புதிதில் அங்கே ஓர் அறையில் ஏழு பேர் இருந்தோம். ஏழு பேருக்கும் அகதி வழக்கு. எதிர் அறைக்காரன் பின்னேரங்களில் இந்த இலையைப் புகைப்பான். மணம் நடைவழி முழுக்க வரும். நாங்கள் கதவுக்கு அடியில் ஈரத் துவாயை வைத்து அடைப்போம். மணம் போய் எங்கள் ஃபைலில் ஒட்டிவிடும் என்று பயம். ஒரு நாள் பொலிஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது. எங்களில் ஒருவன் அன்று முழுக்க வாய் திறக்கவில்லை, மூச்சு விட்டாலும் பிடிபடுவான் என்பது போல. இப்போது அதே இலையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வரி போட்டு விற்கிறார்கள். விற்கிற பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பை தருகிறார்கள். அந்த எதிர் அறைக்காரன் இப்போது எங்கே என்று ஒருவரும் தேடவில்லை.

செடிகள் நன்றாக வந்தன. செப்ரெம்பரில் பூக்கள் குழந்தைப் பிள்ளையின் கை மொத்தத்துக்குத் திரண்டன. கூடவே மணமும் வந்தது. ஸ்கங்க் என்று இங்கே ஒரு பிராணி இருக்கிறது, பயந்தால் நாறும். நான்கு ஸ்கங்குகள் ஒன்றாகப் பயந்த மாதிரி எங்கள் வளவு இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கோயில் மாதர் குழுவிலிருந்து தொலைபேசி வந்தது. நவராத்திரிச் சனிக்கிழமைப் பூசை இந்த முறை எங்கள் வீட்டில். தலைவி சிவமணி அக்காவோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் வருவார்கள்.

"அவையள் கிச்சினுக்குள்ள வந்தா, யன்னலால நேர உதுதான் தெரியும்," என்றாள் யோகம்.

"தக்காளி எண்டு சொல்லுவம்."

"தக்காளி உப்பிடியே மணக்கும்?"

அவள் மேலே போய் ஆறு பழைய சேலைகளை எடுத்து வந்தாள். பந்தல் கம்பிகளில் கயிறு கட்டி, செடிகளைச் சுற்றி நான்கு பக்கமும் மறைத்தேன். மழைக்கு மேலே ஒரு நீலப் பிளாஸ்ரிக் படங்கு போட்டேன். கஞ்சாச் செடிகள் கர்ப்பக்கிரகத்தில் நிற்பது போல நின்றன. மணத்துக்கு யோகம் ஒரு வழி கண்டாள். பின்னேரம் பின்னேரம் சாம்பிராணித் தட்டோடு பந்தலைச் சுற்றி வருவாள். றோன் தன் பக்கத்தில் நின்று இதைப் பார்த்தார். முதல் நாளே தொப்பியைக் கழற்றினார். இரண்டாம் நாள் வேலிக்கு மேலால் மெல்லமாக, இது உங்கள் பண்டிகையா என்று கேட்டார். ஒன்பது நாள் என்றேன். அது உண்மை. அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டார்.

பிறகு மழை பிடித்தது. ஐந்து நாள் விடாத தூறல். நான் வேலைக்குப் போய் வந்து, படங்கில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன். ஒரு துளி உள்ளே போகாது. ஊரில் அறுவடைக்கு நிற்கிற புகையிலைக்கு மழைதான் எதிரி. காற்றைப் பற்றி நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. அது சும்மா வந்தது. நான்கு சுவரும் கூரையும் போட்டு, ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன் என்று எனக்குப் படவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மழை விட்டது. பூசைக்கு முன் ஒரு தரம் பார்ப்போம் என்று ஒரு சேலையை விலக்கினேன். உள்ளே புழுக்கம். முன் செடியின் பெரிய பூவில் ஒரே ஒரு சின்ன இலை மட்டும் மஞ்சளாக நின்றது. பிடித்து இழுத்தேன். சும்மா வந்தது. பூவைப் பிளந்தேன். நடுவில் மண்ணிறமாகச் சொதசொதத்து, அதற்கு மேல் சாம்பல் பூசணம். ஊதினால் தூசி எழும்பியது. அடுத்ததைப் பிளந்தேன். அதுவும். வெளியே பார்த்தால் பச்சைப் பசேல் என்று கொழுத்த பூ.

"பட் றொட்," என்றார் றோன். பூ உள்ளுக்குள் அழுகுகிற நோய். வேலியில் வந்து நின்றார். முகம் செத்துப் போயிருந்தது. புதன்கிழமையே சேலை இடுக்கால் ஒரு மஞ்சள் இலையைக் கண்டாராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்கள் சமய விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று நினைத்தேன் என்றார். இந்த நாட்டு மரியாதை ஒரு பக்கம், எங்கள் மானம் மற்றப் பக்கம். நடுவில் நின்ற செடி அழுகிவிட்டது.

இதற்கு மருந்து இல்லை என்றார். அழுகின இடத்துக்குக் கீழே, நல்ல தண்டையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எறிய வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை ஸ்பிரிற்றில் துடைக்க வேண்டும். பூசணம் பிடித்ததில் ஒரு துண்டும் களிம்புக்கு எடுக்கக் கூடாது. மிச்சத்தை, முற்றாவிட்டாலும், இன்றைக்கே அறுத்துக் காற்றில் தொங்கவிட வேண்டும். இன்னொரு இரவு நின்றால் மிச்சமும் போகும். யோகம் அடுப்பில் கடலை அவித்துக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன்.

"எவ்வளவு தப்பும்?"

"வெட்டினாத்தான் தெரியும்."

"நாளைக்கு வெட்டேலாதோ? அஞ்சு மணிக்கு அவையள் வந்திடுவினம்."

"நாளைக்கு வெட்ட ஒண்டும் இராது."

தன் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கடலையை இறக்கி வைத்தாள். வெளியே வந்து சேலைகளை அவிழ்க்கத் தொடங்கினாள். நான் நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தேன். முடிச்சுக்கு அவளுடைய விரல் வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தாள். நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

எங்கள் ஆட்கள் ஐந்து மணி என்றால் ஆறரைக்கு வருவார்கள். அந்தக் கணக்கில்தான் வெட்டிக்கொண்டிருந்தோம். அன்று பார்த்து, யோகத்துக்குக் கை ஏலாது, உதவி செய்வோம் என்று நாலரைக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். மணி அடித்துப் பார்த்துவிட்டு, பக்க வாசலால் பின்வளவுக்கு வந்தார்கள். முன்னால் சிவமணி அக்கா. பின்னால் பதினொரு பட்டுச் சேலை. எதிரே நான், இடுப்பில் கட்டின சாரத்தோடு, கையில் பூசணம் பிடித்த கொப்போடு. படங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்ன யோகம் உது?" என்றார் சிவமணி அக்கா.

யோகம் நிமிர்ந்தாள். "கஞ்சா, அக்கா. என்ர கைக்குப் பூச."

இனிக் கோயில் பக்கம் போகேலாது என்று நினைத்தேன். நகரத்தின் மற்ற முனையில், ரெக்ஸ்டேல் பக்கம் வீடு பார்க்கலாமா என்றும் நினைத்தேன். சிவமணி அக்கா சேலைக் கரையைத் தூக்கிச் செருகினார். ஈரப் புல்லில் இறங்கி வந்தார். ஒரு பூவைப் பிடித்து நகத்தால் பிளந்து பார்த்தார்.

"ஆர் உதைச் சுத்தி மூடினது?"

யோகம் என்னைப் பார்த்தாள்.

"புகையிலைக்காரன் எண்டு சொல்லித் திரியிறீர் தம்பி. காத்துப் போக வழி விடாமல் கட்டினா அழுகாமல் என்ன செய்யும்? கண்டுக்குக் கண்டு எவ்வளவு இடம் விட்டனீர்?"

"ரண்டடி, அக்கா."

"ரண்டடியாம்," என்று திரும்பி மற்றவர்களுக்குச் சொன்னார்.

பதினொரு பேரும் உச்சுக்கொட்டினார்கள். அடிக்கொப்புகளைக் கழித்துவிட்டிருக்க வேண்டும் என்றார் ஒருவர். மழை விட்டவுடன் வந்து உலுப்பிவிட்டிருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். பின்னால் நின்ற ஒருவர், "தன்ர வீட்டு வெங்காயத்தை உப்பிடி மூடுவாரே?" என்று கேட்டார், எனக்குக் கேட்கும்படியாகவே. கஞ்சா வளர்த்ததற்கு ஒரு சொல் இல்லை. ஒழுங்காக வளர்க்காததற்குத்தான் ஏச்சு. முப்பது வருடத்துக்கு மேலாக இந்தச் சனத்துக்குப் பயந்து வாழ்ந்திருக்கிறேன். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

பட்டுச் சேலைகளைச் செருகிக்கொண்டு எல்லோரும் இறங்கினார்கள். ஒவ்வொரு பூவாக விரித்துப் பார்த்து, கெட்டதைக் கறுப்புப் பையிலும் நல்லதைக் கொப்போடு ஒரு பக்கத்திலும் போட்டார்கள். எல்லாரும் வாயையும் மூக்கையும் முந்தானையால் கட்டியிருந்தார்கள். காயப்போட எங்கள் வீட்டில் இடமில்லை. கீழே பேஸ்மென்ற் ஈரம். மேலே பூசை. றோன் தன் கராஜில் கயிறு கட்டி, காற்றாடியும் போட்டுவிட்டு வேலியில் நின்றார். கொப்புகளைக் கை மாற்றிக் கை மாற்றி வேலிக்கு மேலால் கொடுத்தோம். பன்னிரண்டு பட்டுச் சேலைகளைப் பார்த்து அவர் மறுபடியும் தொப்பியைக் கழற்றினார். நான் ஒன்றும் விளக்கவில்லை. அதற்கு என் ஆங்கிலம் போதாது. தமிழும் போதாது. பூசை ஆறரைக்குத் தொடங்கியது. எப்படியும் அந்த நேரத்துக்குத்தான் தொடங்கியிருக்கும்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கொப்புகள் காய்ந்தன. றோனின் கராஜ் அவருடைய வளவின் பின்மூலையில் இருக்கிறது. அங்கே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, பூக்களைத் தண்டிலிருந்து வெட்டி மடியில் சேர்த்துக்கொண்டிருந்தேன். நான்கு செடியில் ஒன்றரைச் செடி தப்பியிருந்தது. களிம்பு காய்ச்சினால் தை முடிகிற வரைக்கும் வரும். குளிர் கடுமையாக இருப்பது மாசியில். அதற்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு நிமிர்ந்தேன். திறந்திருந்த கதவால் எதிரே ஒரு வீட்டின் பின்பக்கம் தெரிந்தது. கறுத்துத் தொங்குகிற ஏதோ ஒரு கொடி. கம்பியில் காய்கிற சேலைகள். படியில் ஒரு வாளி, வளவு கூட்டுகிற ஒரு தும்புத்தடி, சோடி சேராத செருப்புகள். யார் இந்த ஆட்கள், எந்த நாட்டிலிருந்து வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன், ஒரு கணம். பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

பின்கதவு திறந்தது. யோகம் படியில் வந்து நின்றாள். ஒரு கையை மற்றக் கையால் பிசைந்துகொண்டு எங்கள் வளவைச் சுற்றிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ," என்று கூப்பிட்டாள், செடிகள் நின்ற வெறும் நிலத்தைப் பார்த்து. "எங்க நிக்கிறியள்?"

மடி நிறையப் பூ. ஒன்றும் சிந்தாமல் எழும்ப வேண்டும். அதற்கு வழி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள்.