ஆறு முழம் தள்ளி உட்கார்ந்த நாய்

தேயிலைத் தோட்டத்துத் துரை ஆறு மாத லீவில் சீமைக்குப் போகும்போது, தன் நாயைக் கட்டுகஸ்தோட்டையில் இருந்த என் கடையில் விட்டுவிட்டுப் போனார். நான் கேட்கவில்லை. அரிசியிலிருந்து மண்ணெண்ணெய் வரை அவர் தோட்டத்துக்கு என் கடைச் சாமான்தான் போனது. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் ஏது?

"பிஸ்கட் வேணாம், பந்து வேணாம். சும்மா சொன்னா கேக்கணும்," என்றார். பங்களாச் சமையல்காரர் பிஸ்கட் காட்டிக் காட்டி அதைக் கெடுத்து வைத்திருந்தாராம். திரும்பி வரும்போது நாய் சொல் கேட்காவிட்டால் சாமானை வேறு கடையில் எடுப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். துரைமார் சிரித்துக்கொண்டு சொல்வதைத்தான் செய்வார்கள்.

நாங்கள் முஸ்லிம்கள். நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவாமல் தொழ முடியாது. எங்களுக்கோ கடையும் வீடும் ஒன்று.

"அது ஊட்டுக்க கால் வெச்சா நான் உம்மா ஊட்டுக்குப் போறேன்," என்றாள் மனைவி.

தடவிக் கொடுக்க வழியில்லை, அடிக்க மனமில்லை. மிச்சம் என் வாய் மட்டும்தான். பின்னேரத்தில் பின் முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து அதனோடு கதைப்பேன். கிட்ட வந்தால் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்துவேன். பாவம், அது கதவையே பார்த்துக்கொண்டு நிற்கும். பத்துப் பதினைந்து நாளில் அதற்கு விஷயம் பிடிபட்டது. ஆறு முழம் தள்ளி உட்கார்ந்தால் இந்த ஆள் ஓடமாட்டான், ஊர்க்கதை சொல்வான். அதன் பிறகு இரு என்றால் இருந்தது, வா என்றால் வந்து ஆறு முழத்தில் நின்றது. இறைச்சிக் கடையைத் தாண்டும்போதுகூட என் முகத்தைத்தான் பார்த்தது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

துரை திரும்பி வந்து, காரை விட்டு இறங்கியதும் கூப்பிட்டார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிப்போய் ஆறு முழத்தில் சட்டென்று உட்கார்ந்தது. துரை ஓரடி முன்னால் வைத்தார். அது மரியாதையாக ஓரடி பின்னால் போனது. இப்படியே இருவரும் கடை வாசலில் கிடந்த அரிசி மூட்டைகளை இரண்டு தரம் சுற்றி வந்தார்கள். கடைசியில் துரை வெள்ளைக் காற்சட்டையோடு தெருவில் முழங்காலில் நின்று, இரண்டு கைகளையும் விரித்தார். தெருவே கூடிவிட்டது.

நாய் என்னைப் பார்த்தது. நான் என்ன செய்வேன்? கிட்டப் போ என்பதை மட்டும் நான் அதற்குப் பழக்கவில்லை.

துரை எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "இது உன் நாய். வெச்சுக்க."

அடுத்த மாதம் தோட்டத்து வண்டி என் கடையைத் தாண்டி எதிர்க்கடையில் நின்றது. அன்று பின்னேரம் மனைவி இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

நாய் எட்டு வருடம் எங்களோடு இருந்தது. ஒரு நாளும் கிட்ட வரவில்லை. தோட்டத்து வியாபாரம் கைவிட்டுப் போனது எனக்குச் சீக்கிரமே மறந்துவிட்டது. அந்த நாயின் தலையில் ஒரு தரமாவது கை வைத்திருக்கலாம். கழுவிக்கொள்ள மகாவலி ஆறு பக்கத்தில்தானே ஓடியது.