நடுங்கிக்கொண்டே கேட்ட வரம்

குற்றாலநாதர் எனக்கு இரங்கியதை இனிக்க இனிக்கச் சொல்ல எனக்கு வராது. இன்றைக்கும் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

1937ஆம் வருஷம், ஆடி மாதம். என் மூத்த பிள்ளையை வாந்திபேதி கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. இளையவனுக்கு நான்கு மாதம். அவன் கண்ணயர்ந்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். மூச்சு இருக்கும். ஆனாலும் கை நடுங்கும், எனக்கு மூச்சு முட்டும். ஒன்றைப் பறிகொடுத்தவளுக்குப் பயம் வராமல் வேறென்ன வரும்? என் நாத்தனார் அதைப் பேய் என்றாள். "இவ நடுங்கி நடுங்கிப் பிள்ளையக் கீழ போட்டுருவா" என்று சொல்லி, அச்சன்புதூரில் இருக்கும் தன் வீட்டுக்கு அவனைத் தூக்கிப்போய்விட்டாள். என் வீட்டுக்காரர் தடுக்கவில்லை. வைத்தியர் கொடுத்த லேகியத்தை என் வாயில் திணித்தார். அதைத் தின்றால் கட்டை போலக் கிடப்பேன். விழித்தால் பால் கட்டி மார் வலிக்கும், பக்கத்தில் பிள்ளை இருக்காது. நான்காம் நாள் லேகியத்தைத் துப்பினேன்.

"முத்திப்போச்சு" என்றார்கள். எங்கள் பக்கம் புத்தி கலங்கியவர்களைக் குற்றாலத்து அருவியில் பிடித்து நிறுத்துவது வழக்கம். தென்காசியிலிருந்து வண்டி கட்டினார்கள். வீட்டுக்காரர் ஒரு கையையும் கொழுந்தன் ஒரு கையையும் பிடித்து அருவிக்குள் தள்ள, மண்டையில் தண்ணீர் அறைந்தது.

அங்கேதான் வேண்டினேன். வேண்டினேனா, ஏசினேன்.

"ஏ குற்றாலநாதா! ஒண்ண எடுத்தே, பொறுத்தேன். இதையும் பிடுங்குதாங்க, பாத்துக்கிட்டு இருக்கியே, வெக்கமா இல்லையா? பயம் போகாட்டாப் போகுது. அதோட நிக்கத் தெம்பக் குடு. எம்பிள்ளையக் குடு!"

கத்தக் கத்த மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. கொழுந்தன் பயந்து கையை விட்டான். வீட்டுக்காரரை நானே உதறினேன்.

"ஏட்டி, ஓடிராத!"

"ஓடல. அச்சன்புதூருக்கு வண்டிய விடச் சொல்லுங்க."

மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பச் சொன்னார். அதையே முதல் அருள் என்பேன்.

நாத்தனார் வாசலை மறித்தாள். "நடுக்கம் நின்னுட்டுதா?"

"நிக்கல மதினி. நடுங்கிக்கிட்டே பால் குடுப்பேன். வழிய விடுங்க."

பிள்ளையை வாங்கினேன். கை நடுங்கத்தான் செய்தது. அவன் விழவில்லை. குடித்தான்.

பிறகும் பயம் வந்தது. வரும்போதெல்லாம் சாமி பெயரை வாய்விட்டுச் சொல்லி, மூச்சை இழுத்து விடுவேன். வருஷம் போகப் போக அது இளைத்தது. லேகியத்தைத் தொடவே இல்லை. அவனுக்கு இப்போது ஒன்பது வயது. குற்றாலநாதர் போட்ட பிச்சை. நாத்தனாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதையும் அவரிடமே சொல்லிவிட்டேன்.

நெஞ்சு படபடக்கிறவர்களே, கைகூப்பத் தெம்பில்லையென்றால் ஏசியாவது கேளுங்கள். நான் ஏசியதற்கே இரங்கியவர், உங்களையா கைவிடுவார்?