நல்ல நேரம் பார்த்தோம், காற்றைப் பார்க்கவில்லை

1957, மாசி மாதம், திங்கட்கிழமை. நுவரெலியாவில் எட்டு மணிக்குப் பனி விலகியது. முந்தின நாள் கொழும்பிலிருந்து ஒரு சின்ன விமானத்தில் வந்து குதிரைப் பந்தயத் திடலில் இறங்கியிருந்தோம். ஓட்டி வந்தவன் என் பள்ளித் தோழன் ராஜன். தங்கை கமலாவைத் தலைப்பிரசவத்துக்குக் கொழும்பில் அம்மாவிடம் கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸிலோ ரயிலிலோ நாள் முழுக்கக் குலுங்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெயில் ஏறுமுன் கிளம்ப வேண்டுமென்று ராஜன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். கமலாவின் புருஷன் சிவலிங்கம் விட்டால்தானே! ஒன்பது மணி வரை ராகுகாலம். பிள்ளைத்தாய்ச்சியை அந்த நேரத்தில் அனுப்பமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ராகுகாலம் போனது, இட்டிலி வந்தது, திருநீறு பூச அண்டை அயலார் வந்தார்கள். கோபத்தில் எனக்கு இட்டிலியே இறங்கவில்லை.

பத்தரைக்குத் திடலுக்கு வந்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. ராஜன் ஒரு தாளில் கணக்குப் போட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“ஆறாயிரம் அடியில காத்து ஏற்கெனவே மெலிசு. சூடேறினா இன்னும் மெலிசாயிடும். எஞ்சினுக்கும் பத்தாது, இறக்கைக்கும் பிடிப்பு இருக்காது. தரையில நின்னாலும் இப்ப எட்டாயிரம் அடியில நிக்கிற மாதிரிதான். ரெண்டு பேரோட எழும்பலாம். மூணு பேருன்னா வேலியைத் தாண்டாது.”

நான் இறங்கிக்கொண்டேன். பெட்டியையும் பலகாரத் தூக்கையும் இறக்கினோம். சிவலிங்கம் தேயிலை ஆலையில் பச்சை இலையை வாட்டித் தூளாக்குவதை மேற்பார்க்கும் டீமேக்கர். முகம் வெளிறிப்போய் என்னிடம் சொன்னார்: “இலை வாட்ட தினமும் காத்தைத்தான் பாக்குறேன் மச்சான். சூட்டுக்கும் குளிருக்கும் அது எப்படி மாறும்னு எனக்குத் தெரியாதா? இன்னைக்குப் போயி பஞ்சாங்கத்தைப் பாத்துட்டேன்.”

விமானம் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. நேற்று கொழும்பில், ரத்மலானை விமானத் தளத்தில் பாதி தூரத்திலேயே எழும்பிய அதே விமானம்தான். சிவலிங்கம் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. வேலிக்குச் சற்று முன்னால் சக்கரம் புல்லை விட்டது. மரங்களை உரசாத குறையாகத் தாண்டி, ஏரிப் பக்கம் திரும்பி மறைந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் மட்டும் அண்ணாந்தபடியே நின்றார்.

நான் நானுஓயாவுக்கு வேன் பிடித்து, பெட்டியும் பலகாரமுமாக ரயிலேறினேன். கோட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் கொழும்பின் கனத்த காற்றில் வியர்த்துக் கொட்டியது. இத்தனை வருஷம் திட்டித் தீர்த்த புழுக்கம், அன்றைக்குச் சுகமாகத்தான் இருந்தது.

வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கமலா நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் கேட்டது பெட்டியை அல்ல.

“அவருக்கு ஒரு தந்தி குடுத்துடுண்ணே. இல்லேன்னா இன்னும் வானத்தைப் பாத்துக்கிட்டேதான் நிப்பாரு.”