நூற்றுப்பதினாலாம் அறைக்கு ஒரே ஒரு மணி

பெரு நாட்டுக் குஸ்கோ நகரில் ரயிலடிப் பக்கத்து ஹோட்டலில் இருபத்திரண்டு வருடமாக டெலிபோன் பார்த்தவள் தியோனிசியா. விடியற்கால ரயிலுக்கு விருந்தாளிகளை எழுப்பிவிடுவது அவள் பொறுப்பு. முதல் அழைப்பு மரியாதைக்கு. பத்து நிமிடம் கழித்து இரண்டாவது, அதட்டலுக்கு. அதற்கும் ஆள் கீழே வராவிட்டால் படியேறிப் போய்க் கதவு பெயரும்படி தட்டுவாள். போனில் "இதோ எழுந்துட்டேன்" என்பவனை அந்த ஊரில் யாரும் நம்புவதில்லை.

மானேஜர் எவரிஸ்டோ பெரால்டா ஹோட்டலிலேயே நூற்றுப்பதினாலாம் அறையில் குடியிருந்தான். கதவு தட்டாமல் எழுந்த நாளே கிடையாது. ஜூன் மாதம் ஒரு விடிகாலை, கதவு தட்டியும் "இதோ, இதோ" என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டான். தலைநகர் லிமாவிலிருந்து வந்த பெரிய மனிதர்களின் டிக்கெட்டெல்லாம் அவன் பையில். ரயில் போயே போய்விட்டது. அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரையும் கூட்டி நிறுத்தினான்.

"இவ என்னை எழுப்பவே இல்ல. கதவைக்கூடத் தட்டினேன்னு வாய் கூசாம பொய் சொல்றா!"

அவளுக்கு எழுதிய எச்சரிக்கைக் கடிதத்தை அவள் வாயாலேயே உரக்கப் படிக்க வைத்தான். சமையல்காரன் ஃபோர்த்துனாத்தோ கூடத் தலையைக் குனிந்துகொண்டான். வேலை போனாலும் போகட்டும், இதே ஆட்கள் முன்னால் இவன் முகத்தில் கரி பூசாமல் விடுவதில்லை என்று தியோனிசியா அன்றே முடிவுகட்டினாள். கோகா இலை டீ குடிக்கும்போதும் அதே நினைப்பு, சட்டை துவைக்கும்போதும் அதே நினைப்பு.

ஆகஸ்டில், தானாக மணியடித்து எழுப்பும் மெஷின் வந்தது. பொருத்தியவன் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். மானேஜர் அவள் மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"எத்தனை தடவை கூப்பிடணும்னு கேக்குது சார். ரெண்டு போடட்டுமா?"

"ஒண்ணு போதும். திரும்பத் திரும்ப அடிச்சு உயிரை வாங்கறதெல்லாம் உன் பழக்கம்."

"யாராவது வரலேன்னா மேல போய்க் கதவைத் தட்டட்டுமா?"

"இனிமே நீ எந்தக் கதவுகிட்டயும் போகக் கூடாது. புரியுதா?"

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க சார். என்னை நம்ப மாட்டாங்க பாருங்க."

சிரித்துக்கொண்டே போட்டான். எந்த அறையில், எந்த நிமிடம், எந்த செகண்டில் போனை எடுத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்று மெஷின் தாளில் அச்சடித்துத் தரும். மெஷினோடு வந்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அவன் படிக்கவில்லை. அவள் இரண்டு தடவை படித்தாள்.

செப்டம்பரில் முதலாளியம்மா கிரிமானேசா வந்தாள். மறுநாள் விடியற்கால ரயிலில் மானேஜரோடு போய்ப் புது ஹோட்டலுக்கு இடம் பார்ப்பதாக ஏற்பாடு. முதலாளியம்மா தன் தங்கை வீட்டிலிருந்து நேரே ரயிலடிக்கு வருவாள்.

விடிகாலை நாலு மணிக்கு மெஷினில் 114-ன் விளக்கு எரிந்தது, அணைந்தது. விருந்தாளிகள் இறங்கி வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். அவன் வரவில்லை. மாடிக்குப் பன்னிரண்டே படிதான். தியோனிசியா ரொட்டியைப் பிட்டுப் பிட்டு நிதானமாகத் தின்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவ்வளவு ருசியாக எதையும் தின்றதில்லை.

ஏழு மணிக்கு முதலாளியம்மா கொதித்துக்கொண்டு வந்தாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு மானேஜர் கூடத்துக்கு ஓடிவந்தான். வேலைக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"இவதாம்மா! மறுபடியும் எழுப்பல!"

தியோனிசியா தாளைக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே படிங்க சார். சத்தமா."

"நூத்திப்பதினாலு. நாலு மணி, எடுத்தாச்சு. நாலு மணி பதினோரு செகண்டு, வெச்சாச்சு."

"பதினோரு செகண்டுல பல்லு விளக்கிட்டாரு போல!" என்றான் ஃபோர்த்துனாத்தோ. கூடமே சிரித்தது.

மானேஜர் தாளைக் கசக்கினான். "கதவைத் தட்டியிருக்கலாமே! எப்பவும் தட்டுவியே நீ!"

சிரிப்பு நின்றது.

"எப்பவும் தட்டுவாளா? ஜூன்ல தட்டவே இல்லன்னு எனக்கு எழுதினியே, அப்பவும் தட்டினாளா?" என்றாள் முதலாளியம்மா.

தியோனிசியா மானேஜர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நீட்டினாள். படித்துவிட்டு முதலாளியம்மா அவளைப் பார்த்தாள்.

"அவன் தூங்கறான்னு உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்மா."

"நான் அங்க குளிர்ல நிக்கறேன்னும் தெரியும்."

"தெரியும்மா. மூணு மாசமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

"இவ்வளவு பேர் முன்னால என்கிட்டயே சொல்றியே!"

"கேட்டீங்க. நான் பொய் சொல்றதில்லம்மா."

"ரெண்டு பேரும் இன்னிக்கே கிளம்புங்க."

தியோனிசியா பையை எடுத்துக்கொண்டாள். மானேஜரைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். அவன் குனிந்த தலை நிமிரும்வரை எதிரில் நின்று, கண்ணைப் பார்த்துவிட்டுப் போனாள்.