வலத்து மாடு

நான் நாகல் நகரில் வாத்தியார் வீட்டில் பிறந்தவள். கன்னிவாடிப் பக்கம் வாக்கப்பட்ட பிறகுதான் தோட்டத்து வார்த்தைகளைக் கற்றேன். மாடுகள் சரிவில் இறங்கிக் கிணற்று நீரை இழுப்பது கமலை. வாய்க்காலில் வரும் நீரை மண்வெட்டியால் பாத்திக்குத் திருப்புகிற வாய் மடை. மாட்டின் கழுத்தை நுகத்தடியோடு சேர்த்துக் கட்டுவது பூட்டாங்கயிறு. எல்லாவற்றையும் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிரே இருந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்றது. அந்த வருஷத்துக்கு எங்களுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டியது அதுதான். அந்த நேரம் பார்த்து எங்கள் ஜோடியில் ஒரு மாடு வயிறு ஊதிச் செத்தது. கமலை நின்றது. ஒரு வாரத்தில் செடியெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

பக்கத்துத் தோட்டத்துக்காரரின் ஜோடியில் ஒன்று நொண்டிக்கொண்டு கிடந்தது. மற்றதை எங்களுக்கு ஒரு நாள் இரவல் கொடுத்தார். அதை ஓட்டி வந்த என் கணவர் கிணற்றடியில் தயங்கி நின்றார்.

"ரெண்டும் வலத்து மாடாப் போச்சு. இடத்துல பூட்டுனா ஒதுங்கும்," என்றார்.

நுகத்தில் வலப்பக்கம் பழகியது வலத்து மாடு, இடப்பக்கம் பழகியது இடத்து மாடு. ஒருமுறை பழக்கிவிட்டால் அப்புறம் பக்கம் மாற்ற மாட்டார்கள். எனக்கு அது வீண் சாங்கியமாகப் பட்டது.

"மாடு மாடுதானங்க. அங்க செடி சாகுது, நீங்க பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க," என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன்.

அவர் எங்கள் மாட்டை இடப்பக்கம் பூட்டினார்.

நாலைந்து முறை தண்ணீர் வந்தது. சரிவில் இறங்கும்போது தொந்தரவில்லை. கிணற்றுப் பக்கமாகப் பின்னாலேயே நடந்து ஏறும்போதுதான் எங்கள் மாடு இடப்பக்கமாக ஒதுங்கியது. அதன் இடப்பக்கம் எப்போதும் ஒரு மாடு உரசிக்கொண்டு நடக்கும். அன்று அங்கே ஒன்றுமில்லை. தேடிக்கொண்டு போனதோ என்னவோ, அடுத்த ஏற்றத்தில் அதன் பின்னங்கால்கள் கிணற்றுக்குள் சறுக்கின. நுகத்தில் மாட்டிய இரவல் மாடும் சேர்ந்து சரிந்தது.

என் கணவர் இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து எங்கள் மாட்டின் பூட்டாங்கயிற்றை அறுத்துவிட்டார். இரவல் மாடு பிழைத்தது.

ஊர் ஆட்கள் கயிறு கட்டித் தூக்கியபோது எங்கள் மாட்டுக்கு உயிர் இருந்தது. கால் இரண்டு முறிந்திருந்தது. அவர் அதன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பொழுது சாயும் முன் செத்தது. அடுத்த வாரம் மிளகாயும் கருகியது. அவர் ரோட்டு வேலைக்குக் கல் உடைக்கப் போனார்.

என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பல வருஷம் கழித்து நானே கேட்டுவிட்டேன், நான் சொன்னதால்தானே பூட்டினீர்கள் என்று.

"நீ சொன்னியா? எனக்கு ஞாபகமில்ல. நானாத்தான் பூட்டுனேன்," என்றார்.

வாழ்நாளில் அவர் என்னிடம் பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான்.