வாய் ஓடினால்தான் விரல் ஓடும்: ஜெபமாலை அக்காவுக்கு

நான் இங்கே எழுதப்போவதை மூணாறு மலையில் ஒரு தேயிலைச் செடிகூட நம்பாது. இதை முதலிலேயே சத்தியம் செய்து சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலை எஸ்டேட் ஸ்டோரில் உர மூட்டைகளை அடுக்க வைத்துக்கொண்டிருந்தேன். பீல்டு ஆபீசர் பிஜு சார் போன் செய்தார். தமிழும் மலையாளமும் கலந்து மூன்றாவதாக ஒரு மொழியையே கண்டுபிடித்தவர் அவர். “மாடசாமி அண்ணா, ஜெபமாலை சேச்சி போயி. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி எத்துறதுக்கு முன்னாடியே...” என்றார். மேற்கொண்டு எந்த மொழியிலும் அவருக்கு வார்த்தை வரவில்லை.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் எஸ்டேட் ஆபீசின் கணக்குப் பிரிவு கிளார்க் அவர். பதவி அவ்வளவுதான், ஆட்சி அதைவிடப் பெரியது. மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். அக்கா இருந்தார்.

முதல் கம்ப்யூட்டர் ஜீப்பில் வந்து இறங்கிய அன்று நாங்கள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நேராக வேலையைத் தொடங்கினார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. எல்லாமே விசைகளால் நடக்கும். மவுசுக்கு அதில் வேலையே கிடையாது. இருந்தும் பெட்டியில் ஒன்று கூடவே வந்திருந்தது. அதன் வாலைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். “எலிக்கு ஆபீஸ்ல என்னலே சோலி?” என்று என்னைக் கேட்டார். வாங்கி வந்தவனே நான்தான் என்பதுபோல.

அக்காவின் விரல்கள் தட்டும் வேகத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரும். பக்கத்தில் வைத்த டீ தானாகக் கொதிக்கும். ஆனால் அந்த விரல்கள் தனியாக ஓடா. கூடவே வாயும் ஓட வேண்டும். யாரையாவது திட்டிக்கொண்டேதான் தட்டுவார். பெரும்பாலும் என்னை. கொழுந்து எடை திரையில் அருவிபோல ஓடும்போது கன்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்தி நிறுத்துவார். கன்ட்ரோலும் கியூவும் அழுத்தி மறுபடி ஓடவிடுவார். என்ன அழுத்தினீர்கள் என்று கேட்டால் கோபம் வரும். “வெரலுகிட்ட கேளுலே. எனக்கு என்ன தெரியும்?”

பிற்பாடு அதே கம்ப்யூட்டரில் யானை எச்சரிக்கையும் வந்து சேர்ந்தது. யானை நிற்கும் இடத்தைத் தட்டி, கன்ட்ரோலும் டியும் அழுத்தினால் போதும். அந்த இடத்து ரோட்டு வளைவில் கம்பத்து விளக்கு சிவப்பாக எரியும். எல்லோர் போனுக்கும் செய்தி போகும்.

எங்கள் யானைக்குப் பெயர் மொட்டைவாலன். வால் மட்டும்தான் குட்டை. மாதா கோயில் மணிக்கூண்டுக்குள் தலையை நீட்டி நேரம் பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போவான். ஒரு தும்மல் போட்டால் ஒரு டிவிஷன் தேயிலை முழுக்க மறுபக்கம் சாயும்.

ஒரு மழைக்காலச் சாயங்காலம், நானும் பிஜு சாரும் அக்காவின் மேஜைப் பக்கம் நின்றிருந்தபோது, காவல்காரர் வயர்லெஸ்ஸில் கத்தினார்: “ஆத்து வளைவுல நிக்கான்! ரோட்டுக்கு நடுவுல! பனி மஞ்சுல ஒண்ணும் தெரியல!”

ஸ்கூல் ஜீப் கிளம்பிவிட்டிருந்தது. லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் அத்தனை பேரும் அதில். ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் கனகாவும். டிரைவருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அந்த ஆற்றோரப் பள்ளத்தில் என்றைக்குமே சிக்னல் கிடையாது. வளைவில் விளக்கு எரிந்தால்தான் ஜீப் நிற்கும்.

அக்கா தட்டினார். ‘ஆத்து’ என்பது வரைக்கும் திரையில் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினார். திரை கல்லாக நின்றது.

“சேச்சி, ஹாங் ஆயி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டே?” என்று பிஜு சார் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினார்.

அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அணைத்தால் அந்தக் கிழட்டு இயந்திரம் மறுபடி எழுந்து உட்கார ஒரு பானைச் சோறு வெந்துவிடும். அதற்குள் ஜீப் வளைவைத் தாண்டிவிடும். அல்லது தாண்டாது.

“அக்கா, என்னத்தையாவது அமுக்குங்க” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கனகா ஜீப்பில் இருப்பது அவருக்கும் தெரியும். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. விரல்கள் விசைகளுக்கு மேலே அப்படியே நின்றன. அந்த ஆபீசில் நான் கேட்ட முதல் நிசப்தம் அதுதான். 

 கோளாறு எங்கே என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஓட வேண்டியது வாய்.

“அந்த மவுசப் பூட்டி வைக்காம இருந்திருந்தா இந்நேரம் வெளக்கு எரிஞ்சிருக்கும்” என்றேன். “வயசாயிட்டுன்னா வீட்ல கெடக்கணும். கம்ப்யூட்டரு ஒமக்கு எதுக்கு?”

“என்னலே சொன்ன?”

“எலிக்குத் தெரிஞ்சதுகூட ஒமக்குத் தெரியலன்னேன்.”

“ஏலே சவத்து மூதி! ஒன் புள்ள ரோட்டுல வருது, எலிக் கதையா பேசுத? ஒரு மூட்டைய ஒழுங்கா எண்ணத் தெரியுமா ஒனக்கு? நீ என்னையச் சொல்லுத? ஒன் நாக்கத் தீய...”

வசை வயர்லெஸ்ஸைத் தாண்டி, மலையைத் தாண்டி, அடிவாரத்துப் போடிக்குக் கேட்டிருக்கும். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். இடது கை கன்ட்ரோலில் இறங்கியது. சுண்டுவிரல் ஒரு பக்கம், நடுவிரல் ஒரு பக்கம் என்று எப்படியோ போயின. நின்றிருந்த எழுத்துகள் திரையில் கொட்டின: ‘ஆத்து வளைவு ஆனை’. பின்னாலேயே கன்ட்ரோல், டி. ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தது. அக்கா இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

டிக்குப் பக்கத்து விசை எஸ். அவசரத்தில் பாதியிலேயே அனுப்பப் போய், விரல் ஒன்று தள்ளி விழுந்து திரையை நிறுத்தியிருக்கிறது. கியூ அதை விடுவித்திருக்கிறது. இதெல்லாம் மறுநாள் பிஜு சார் உட்கார்ந்து கண்டுபிடித்தது. அக்காவிடம் சொன்னபோது, “ஆமா, பின்ன வேற எதை அமுக்குவாங்க?” என்றார். என்னோடு மட்டும் ஒரு வாரம் பேச்சே கிடையாது. எட்டாம் நாள் பலாக்கொட்டைக் குழம்பு வந்தது, தூக்குச்சட்டியில். “ஒனக்கு இல்ல, கனகாவுக்கு” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

யானை அந்த வளைவில் நெடுநேரம் நின்று, சிவப்பு விளக்கைப் பழமென்று நினைத்துத் தும்பிக்கையால் தடவிப் பார்த்து, ஏமாந்து, டிரைவருக்குச் சலாம் வைத்துவிட்டுப் போனதாக நான் இத்தனை நாளும் ஊரெல்லாம் சொல்லி வருகிறேன். பிஜு சார் ஒத்துக்கொள்வதில்லை. ஜீப் வருவதற்கு முன்பே அவன் ஆற்றில் இறங்கியிருப்பான் என்கிறார். இருக்கலாம். மணிக்கூண்டும் பொய். கொதித்த டீயும் பொய். போடிக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் மழை விட்டு விட்டுப் பெய்தது. பெங்களூரில் நர்சிங் படிக்கும் கனகா, ராத்திரி பஸ் பிடித்து வந்து, பையைத் தோளிலிருந்து இறக்காமலே குழி ஓரம் நின்றாள். ஈர மண்ணை அள்ளிப் போட்டாள். கையைத் துடைக்கவில்லை.

ஜீப் நின்றது. அந்தச் சின்ன விஷயம் மட்டும் உண்மை.

நிம்மதியாக இருங்கள், அக்கா. திட்ட ஆளில்லாவிட்டால் சொல்லி அனுப்புங்கள். வருகிறேன், ஆனால் மெதுவாக.